போர்வைக்கு வெளியே ஒரு கை

மூன்றாம் ஷிஃப்டுக்கு முன்
கரித்தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்து
தண்ணீரைச் சோதிக்கிறான் பிரதாபன்.
குப்பியில் இளஞ்சிவப்பு ஏறவில்லை.
'குளோரின் இல்லை மிஸ்' என்கிறான்.
இல்லை என்பதுதான் இங்கே நல்ல சேதி.
மருதானை முழுக்கக் குடிக்கிற தண்ணீர்
இரத்தத்தின் அருகில் வந்து உட்கார
இன்னும் எவ்வளவோ கழற்றிவைக்க வேண்டும்.

வெளியே மழை.
பதுர்தீன் நானா செருப்பை விட்டுத் தராசில் ஏறுகிறார்.
மூன்று கிலோ நானூறு கூட.
'கல்யாண வீட்டுப் பலூடா மிஸ்'
என் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறார்.
நான் ஏசவில்லை.
எவ்வளவு இழுக்கலாம், எத்தனை மணித்தியாலம்
என்று கணக்குப் போடுகிறேன்.
அவசரப்பட்டால் கெண்டைக்கால் முறுக்கும், பிரஷர் விழும்.
ஒரு பலூடாவுக்கு அவ்வளவு தண்டனை வேண்டாம்.

இடது கை.
அதில் பிரஷர் பார்க்க யாரையும் விடமாட்டார்,
மணிக்கூடு கட்டமாட்டார்,
பேத்தி தலைவைத்துப் படுக்கவும் அனுமதியில்லை.
கையுறை மாற்றி விரல் வைக்கிறேன்.
சுவருக்கு அப்பால், பக்கத்து ஃபிளட்டில்
யாரோ தையல் மெஷின் மிதிப்பதுபோல்
தோலுக்கடியில் இரைகிறது.
சரி, தொடங்கலாம்.

அரை மணியில் கேட்கிறார்:
'குளிருது மிஸ், கையையும் மூடிவிடுங்களேன்.'

மூடமாட்டேன்.
தோளுக்கு இன்னொரு போர்வை,
காலுக்கு என் சொந்தக் கம்பளிக் காலுறை.
கை வெளியே கிடக்கட்டும்.
'துறைமுகத்தில் முப்பது வருசம் கிரேன் ஓட்டினேன்,
உங்களைப்போல் ஒரு போர்மன் இல்லை' என்கிறார்.
நான் சிரிக்கிறேன்.
காரணம் சொல்வதில்லை.

போன ஆவணி, நான்காம் கட்டில்.
ஜெசிந்தா, கொட்டாஞ்சேனை, நாற்பத்தொரு வயது.
பல்லுக் கிட்டியது குளிரில்.
தூங்கிவிட்டாள். நன்றாகத் தூங்கினாள்.
மெஷின் ஒன்றும் சொல்லவில்லை.
அழுத்தம் சற்றே இறங்கியிருந்தது,
ஆனால் அதற்கு நாங்கள் கொடுத்த எல்லைக்குள்.
பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
நிமிடத்துக்கு இரண்டு பிளேன்டீக் கோப்பை அளவில்
அவளை எடுத்து
நிலத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

என் செருப்பு நிலத்தில் ஒட்டியது.
பலூடாவோ, சிந்திய நெக்டோவோ என்று
ஒரு கணம் நினைத்தேன். அந்த ஒரு கணம்.
பிறகு பம்பை நிறுத்தியதும்
குழாயைக் கவ்வியதும்
இரண்டு விரலால் அழுத்திக்கொண்டு
பிரதாபனைக் கூப்பிட்டதும்
யாரோ செய்ததுபோல் இருக்கிறது.

பிழைத்தாள்.
அடுத்த வியாழன் வந்து அதே கட்டிலில் படுத்து
கையை நீட்டினாள். எனக்குத்தான் நடுங்கியது.

அறிக்கையில் ஒரு கட்டம்: சம்பவத்துக்கான காரணம்.
'நோயாளியின் கை போர்வைக்குள் இருந்தது' என்று எழுதினேன்.
அது உண்மை. போதாத உண்மை.
மேற்பார்வையாளர் கையெழுத்திட முன் திருப்பி வாங்கி
கீழே சேர்த்தேன்:
போர்த்திவிட்டவள் நான்.
அவள் கேட்கக்கூட இல்லை. இரக்கப்பட்டேன்.

இப்போது ஒவ்வொரு அரை மணிக்கும் நடக்கிறேன்.
ஊசி, பிளாஸ்திரி, நிலம்.
எண்களை அதற்குப் பிறகு பார்க்கிறேன்.
ஆறாம் கட்டிலுக்குத் தனி மெஷின், தனிக் கையுறை;
அவர் அதைத் தீட்டு என்று நினைத்துவிடாதபடி
அங்கே கொஞ்சம் கூடுதலாகக் கதைக்கிறேன்.

பத்தரைக்கு நானாவின் ஊசி கழற்றுகிறோம்.
பஞ்சை அவரே அழுத்திப் பிடிக்கிறார்,
கிரேன் லீவரைப் பிடித்த அதே பிடி.
எழும்பி, காலுறையை மடித்துத் தருகிறார்.
'சனிக்கிழமை குளிர் குறைவாக வையுங்கோ.'
ஏசி எங்கள் கையில் இல்லை.
ஓம் என்கிறேன்.

கடைசி மட்டக்குளி பஸ்.
முன் சீட்டில் ஒருவன் பையை அணைத்தபடி தூங்குகிறான்.
கைகள் தெரியவில்லை.
எழும்பி நின்று
எட்டிப் பார்க்கிறேன்.