தெகூசிகல்பாவில் இரண்டு பேர்

கோரிமேட்டில் ராத்திரி மொட்டை மாடி ஏறினால்
ஏற்காட்டுக்குப் போகும் லாரியின் விளக்கு
ஒரு வளைவில் தெரியும், அடுத்த வளைவில் இருக்காது.
போய்வந்த ஊரும் அப்படித்தான் இருக்கிறது எனக்கு.
பேர் சொல்லவே ஒரு மூச்சு வேண்டும்:
தெகூசிகல்பா.
டீக்கடையில் கேட்டார்கள், துபாய்க்கு அந்தப் பக்கமா?
ஆமாம், கொஞ்சம் அந்தப் பக்கம்.

மரவள்ளி அரைக்கும் மிஷின் முதலாளி விற்றார்,
பூட்டி ஓட்டிக் கொடுக்க நான்.
நாலாவது விமானம் மலைக்குள் புகுந்து
வீடுகளின் துணிக்கொடியை உரசுவது போலச் சாய்ந்தது.
பக்கத்து சீட்டுக்காரி சிலுவை போட்டுக்கொண்டாள்.
நான் கோட்டை மாரியைக் கூப்பிட்டேன்,
அவளுக்கு அந்த வழி தெரியுமோ என்னவோ.

சுங்கத்தில் பையைத் திறந்தார்கள்.
மாதிரிக்கு ஜவ்வரிசி, கால் கிலோவாக இரண்டு பொட்டலம்.
சீருடைக்காரப் பெண் ஒரு மணியை உருட்டினாள்,
முகர்ந்தாள், கடித்தும் பார்த்தாள்.
என் கையில் இருந்த ஸ்பானிஷ் ஒரே சொல்: யூக்கா.
இல்லை என்று தலையாட்டினாள்.
யூக்கா நீளமாக இருக்கும், மண் ஒட்டியிருக்கும்,
அந்தப் பக்கத்துக் கிழங்கு, அவளுக்கா தெரியாது?
எப்படி உருண்டையாச்சு என்று காட்டிவிடலாம் என
கழுத்துத் துண்டை எடுத்து
இரண்டு கையிலும் தொட்டிலாகப் பிடித்து
ஆத்தூர் மில்லில் ஈரமாவு குலுக்குகிற மாதிரி
குலுக்கினேன்.
வரிசையே பார்த்தது.
அவள் முகம் இளகி ஏதோ கேட்டாள்.
எத்தனை பொட்டலம் என்கிறாள் என்று
இரண்டு விரல் காட்டினேன்.
தன் நெஞ்சைத் தொட்டு மூன்று விரல் காட்டினாள்.
முத்திரை விழுந்தது.

ஆறு நாள்.
சரிவெல்லாம் வீடு, வீட்டுக்கொரு சாயம்.
நடுவில் ஓர் ஆறு,
பார்த்தால் நம் திருமணிமுத்தாறு
தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை.
வண்டி ஓட்டிய வில்மெர், ஊர்ப்பேருக்கு
வெள்ளிமலை என்று அர்த்தம் என்றான்,
இல்லை என்பவர்களும் உண்டு என்றான்.
எங்கள் சிவதாபுரத்தில் வெள்ளி மலையில் இல்லை,
கட்டிலுக்கடியில் கொலுசாகக் கிடக்கிறது என்று
சொல்ல எனக்கு மொழி இல்லை.
சந்தையில் அவித்த கிழங்கு வாங்கிக் கொடுத்தான்,
மேலே கோஸ், பொரித்த பன்றித்தோல்.
கிழங்கு மட்டும் தெரிந்த முகம்.

மிஷின் ஓடியது. கிளம்புகிற அன்று
காதில் தங்கியிருந்த அந்தச் சத்தத்தை
வில்மெரிடம் சொல்லிப் பார்த்தேன்: குவாந்தோஸ் இஹோஸ்.
அவன் போனில் தட்டினான். போன்
ஒரு பெண் குரலில் தமிழ் பேசியது:
எத்தனை பிள்ளைகள்?

பத்து நாள் கழித்துத்தான் தமயந்தியிடம் சொன்னேன்.
பதினேழு வருஷம், ஒரு ரிப்போர்ட் கட்டு,
பீரோவில் மேல்தட்டு.
துணி எடுத்துக்கொண்டிருந்தவள் முதலில் சிரித்தாள்,
கிளிப்பை வாயில் கவ்வியபடி.
துண்டை உதறி மடித்தாள். மறுபடி பிரித்தாள்.
மலையில் லாரி ஒன்று வளைவுக்குள் போயிருந்தது.

பேர் என்ன வெச்சீங்க ரெண்டுக்கும்?

யோசிக்கலையே என்றேன்.
மூத்ததுக்கு அந்த ஊர்ப்பேரையே வெச்சிருக்கலாம் என்றாள்,
கூப்பிட்டு முடிக்கறதுக்குள்ள
வளர்ந்திருக்கும்.