கடைசிக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு

மார்ச், இரண்டாம் திங்கள், மாலை ஆறரை.
மேய்ன் மாநிலத்தின் வடகோடி.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது.
தீயணைப்புக் கொட்டகையில் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
அறுபத்துமூன்று பேர் உட்கார்ந்திருக்கிறோம்.
நான் எழுத்தர்.
பேசுவது என் வேலையில்லை.

பொருள் ஏழு:
இந்த ஊராட்சி தன்னைத்தானே கலைத்துக்கொள்ளலாமா?

ஆன்செல் சியர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.
'என் வீட்டு வாசலில் பனி தள்ள
எனக்கு மேலே ஒருத்தன் எதற்கு?
வரி வேண்டாம். என் கலப்பை, என் டீசல், என் ரோடு.'
வரி வேண்டாம் என்றதை
ஒரே வரியில் எழுதிக்கொண்டேன்.

எழுதாமல் விட்டது:
போன பிப்ரவரியில் மூன்று இரவு
ஒட்டிலி டூசெட்டின் பாதையைத் திறந்துவிட்டவர் அவர்தான்.
காசு கேட்கவில்லை.

ஒட்டிலி எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆனது.
'ஆன்செல் நல்லவன். நான் இல்லையென்று சொல்லவில்லை.
ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் எனக்கு டயாலிசிஸ்.
அவன் நல்லவனாக இருக்கும் நாளாகப் பார்த்து
என் சிறுநீரகம் கெடாது.
ரோடு திறக்கவில்லையென்றால்
ஊராட்சிமேல் புகார் கொடுப்பேன், கொடுத்தும் இருக்கிறேன்.
நன்றிக்கடன்மேல் எங்கே போய்ப் புகார் கொடுப்பது?'

யாரோ அடுப்பில் விறகு போட்டார்கள்.
போடத் தேவையே இல்லை.

அடுத்து கார்வின் ஹால்ஸ்டெட்,
அரிசோனாவிலிருந்து வந்து மூன்று குளிர்காலம்.
கையில் அச்சடித்த தாள்கள், வட்டமிட்ட எண்கள்.
'நான்கு பிள்ளைகள். நாற்பத்தொரு மைல். ஒரு பஸ்.'
நான்கு என்ற சொல்லுக்கு
கடைசி வரிசையில் படம் வரைந்துகொண்டிருந்த
ரெஜிஸ் மிஷோவின் மகள் நிமிர்ந்தாள்.
பிறகு குனிந்து குதிரைக்கு வால் வைத்தாள்.

ஓடைக்கு அடியில் இருக்கும் குழாய் பற்றி ஒரு மணி நேரம்.
இந்தக் கரை ஆன்செலுடையது, அந்தக் கரை கார்வினுடையது.
தண்ணீர் யாரோடும் ஒப்பந்தம் போடவில்லை.
'அப்படியானால் ஊராட்சி எதற்கு' என்று ஒரு குரல்.
'ஊராட்சியா!' என்றார் ஆன்செல்.
'எட்டு வருஷமாகப் பொறியாளர் அறிக்கை வருகிறது, வருகிறது.
ஒரு சனிக்கிழமை விட்டிருந்தால்
நானே போட்டு முடித்திருப்பேன்.'

அது உண்மை.
அந்தப் பொறியாளருக்கு நான்கு கடிதம்
தட்டச்சு செய்தவள் நான்.
ஆன்செல் தன் பாலத்துக்குப் போட்ட குழாய்
இரண்டாம் வசந்தத்தில் ஒட்டிலியின் நிலவறைக்குள்
வெள்ளத்தைத் திருப்பியதும் உண்மை.
இரண்டையும் ஒரே பத்தியில் எழுத எனக்கு வரவில்லை.

அகஸ்டாவிலிருந்து வந்திருந்த அதிகாரி,
மெலிந்த மனிதர், ஈரமான காலணி,
அதுவரை வாய் திறக்கவில்லை.
'நீங்கள் கலைத்தால் மாநிலம் எடுத்துக்கொள்ளும்.
பனி தள்ள ஆள் அனுப்புவோம்.
வரிச்சீட்டும் அனுப்புவோம்.
அரசு சின்னதாகாது ஐயா. தூரமாகும்.'

'நான் கத்தினால் கேட்க எத்தனை மைல்?'
'இருநூற்று எழுபது.'
ஆன்செல் உட்கார்ந்தார்.
ஆனாலும் மனம் மாறவில்லை; முகத்திலேயே தெரிந்தது.
தூரத்தில் இருக்கும் எஜமானன்
மாதம் ஒருமுறைதானே வருவான்.

வாக்கு: ஆம், முப்பத்துநான்கு. இல்லை, இருபத்தெட்டு.
ஒரு சீட்டு வெறுமையாக.
அது யாருடையது என்று குறிப்பில் எழுத விதியில்லை.
இது முதல் படிதான்.
அரசை விட்டு வெளியேற
இன்னும் பதினொரு படிவம் நிரப்ப வேண்டும்.
நான்தான் நிரப்ப வேண்டும்.

கூட்டம் முடிந்தது: இரவு ஒன்பது ஐந்து.

வெளியே மறுபடி பனி.
ஆன்செலின் டிரக் கலப்பையை இறக்கி முன்னால் போக,
ஆம் என்றவர்களும் இல்லை என்றவர்களும்
அவர் திறந்த தடத்தில் வரிசையாகப் போனோம்.
ஓடைப் பாலத்தில் எதிரே மஞ்சள் விளக்கு.
ஊராட்சியின் கலப்பை, ரெஜிஸ் மிஷோ ஓட்டுகிறான்.
ஒரு வண்டி அகலப் பாலம்.
மூக்கோடு மூக்கு.

யார் பின்வாங்க வேண்டும் என்று
எந்தப் பொருளிலும் இல்லை.
இருவரும் விளக்கைத் தணித்தார்கள்.
மரியாதைக்கா, பிடிவாதத்துக்கா, தெரியவில்லை.
எனக்குப் பின்னால் பதினொரு கார்.
கண்ணாடியில் பனி விழுகிறது,
துடைக்கிறேன், விழுகிறது.
மணி ஒன்பது நாற்பது.