பரப்பு, நிகர எடை இருபத்தைந்து கிலோ

ஹோர்ஷம் நகரின் வடக்கு விளிம்பில்
தகரக் கூரைக்கு அடியில் பருப்பு உடைக்கும் ஆலை.
டிசம்பர். நாற்பத்தொரு பாகை.
வாய்க்கவசத்துக்கு உள்ளேயும் செந்தூள்.

கொழும்புக்குப் போகும் சாக்குகள் வந்து இறங்கின.
ஆயிரம் என்றது சீட்டு.
ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று மூன்று வரி அச்சு.
முதல் இரண்டும் சரியாகத்தான் இருந்திருக்கும்.
மூன்றாவதில்
ரு தன் சுழியை எங்கோ தொலைத்துவிட்டு
வெறும் ர ஆக நின்றது.
பரப்பு. நிகர எடை இருபத்தைந்து கிலோ.

அந்த ஆலையில் அதை வாசிக்கத் தெரிந்தவள்
நான் ஒருத்தி.

டேரனிடம் சொன்னேன்.
"ஒரு வளைவுதானே, அதையா தின்னப்போகிறார்கள்?"
கப்பல் வெள்ளிக்கிழமை மெல்பேர்னில்.
புது அச்சு வர மூன்று கிழமை.
"அவ்வளவு உறுத்தினால்
மார்க்கர் பேனா அலமாரியில் கிடக்கிறது."

உறுத்தியது.
இடைவேளைகளில் குந்தியிருந்து
ஒவ்வொரு ரகரத்துக்கும் காலை வளைத்துவிட்டேன்.
முழங்கால் மரத்தது.
முந்நூற்றுப் பன்னிரண்டில் பேனா வறண்டது.

அப்போதுதான் அது பிழையாக இல்லாமல்
ஒரு சொல்லாகக் கண்ணில் பட்டது.
எங்கள் பக்கம் காணியைப் பரப்பில்தான் அளப்பார்கள்.
எங்களுக்கு நாலு பரப்பு,
முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம்.
உறுதிப் பத்திரம் மட்டும் இந்தப் பக்கம்,
என் தம்பியின் குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே
ஒரு பிஸ்கட் டின்னில்.

வெளியே ஷுல்ட்ஸின் லொறி எடைமேடையில் ஏறியது.
கதவைத் திறக்காமலே கையைத் தூக்கினார்.
ஜூனில் பெய்யாத மழை,
ஒக்டோபரில் விழுந்த உறைபனி,
வங்கிக்கு எழுதிக்கொடுத்த கிழக்கு வயல்,
இவ்வளவும் போக மிஞ்சியதை
அள்ளிக்கொண்டு வந்திருந்தார்.
முப்பது தொன் பரப்பு.
சாக்கு பொய் சொல்லவில்லை.
மிச்சம் அறுநூற்று எண்பத்தெட்டையும்
அப்படியே தைக்க விட்டேன்.

பெப்ரவரியில் புறக்கோட்டையிலிருந்து மின்னஞ்சல்.
ஹேவாகே என்பவர் மரியாதையாகவே எழுதியிருந்தார்:
முந்நூற்றுப் பன்னிரண்டு மூட்டைகளில்
யாரோ கறுப்பு மையால் கைவைத்திருக்கிறார்கள்.
சரக்கு மாறியதோ எனச் சுங்கத்தில் சந்தேகம்.
பிரித்துப் பார்த்த கூலி,
துறைமுகத்தில் கிடந்த பதினொரு நாள் வாடகை.
தயவுசெய்து இரண்டு வீதம் கழிக்கவும்.
ஏனைய மூட்டைகளில் குறை ஏதுமில்லை.

டேரன் சத்தமாக வாசித்தான்.
சிரித்தான்.
இரண்டு வீதம் எவ்வளவென்று தட்டிப் பார்த்தான்.
பிறகு சிரிக்கவில்லை.

தேநீர் அறையில் அந்தத் தீவின் தேயிலைப் பெட்டி.
பெட்டியின் ஆங்கிலத்தில்
திடம் என்ற சொல்லின் கடைசி இரண்டு எழுத்தும்
இடம் மாறிக் கிடக்கின்றன, நான் சேர்ந்த நாளிலிருந்தே.
டேரன் ஒரு நாளைக்கு நாலு கோப்பை குடிப்பான்.
தூக்கிக் காட்டினேன்.
"அட" என்றான்.
பாலை ஊற்றினான்.

இதுவும் தீவு, அதுவும் தீவு.
இது மட்டும் தன்னைக் கண்டம் என்று
பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறது.
ஆண்டு முடிவில் இரண்டும் உட்கார்ந்து
நீ எனக்கு இவ்வளவு, நான் உனக்கு இவ்வளவு என்று
தொன்னிலும் டொலரிலும் எழுதி
கையெழுத்து வைக்கும்.

கழிவுச் சீட்டை நீயே அடி என்றான் டேரன்.
அடித்தேன்.
காரணம் என்ற கட்டத்தில்
கணினி எனக்கு நாலு சொல் தந்தது:
ஈரம். பூச்சி. எடைக்குறைவு. மற்றவை.

மற்றவை என்பதை அழுத்தினேன்.
விவரம் தேவை என்றது.
தமிழில் அடித்தேன், சுழியோடு.
திரை அதை
ஏழு சின்னச் சதுரங்களாக
ஏற்றுக்கொண்டது.