சேதம்: இல்லை

நாலு வருடம். பதினொரு நிமிடம்.
என் கணக்கு அவ்வளவுதான்.

மார்ச் மாதம் எங்கள் கல்லூரியில் வசந்தம் கிடையாது,
மண்வாரி உண்டு.
விடியுமுன் செயற்கைப் புல்லில் கிடக்கும் பனியைக்
கோட்டுக்கு வெளியே தள்ளுவோம்.
கோல் வட்டத்தைத் துடைப்பது என் பங்கு.
அதில் நிற்கப்போவது ஷிவான் டோலன்.
துடைத்த இடத்தில் காலைத் தேய்த்துப் பார்ப்பாள்,
கடையில் செருப்பைப் போட்டுப் பார்ப்பதுபோல்.

லக்ராஸ் தெரியாதவர்களுக்கு ஒன்று:
பெண்கள் ஆட்டத்தில் மற்றவர்களுக்குக் கண்ணுக்கு மட்டும் கம்பி,
கோலிக்குத் தலை முழுக்கக் கூண்டு.
மஞ்சள் ரப்பர்ப் பந்து
மணிக்கு அறுபது மைலில் வரும்.
உடம்புக்கு விலகத்தான் தெரியும்.
விலகாதே என்று அதற்குச் சொல்லிச் சொல்லிப்
பழக்க வேண்டும்.
பழக்கிவிட்டேன்.
பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் விலகாததை
யார் பார்க்கப்போகிறார்கள்.

ஷிவானுக்குத் தினமும் நாற்பது பந்து எறிவேன்.
மேல் வலது, மேல் இடது, முழங்கால்,
தரையில் குத்தி எழும் ஒன்று.
இடது இடுப்புக்குக் கீழே
அவளுக்கு ஒரு கதவு திறந்தே கிடந்தது.
எனக்குத் தெரியும். எறிந்ததில்லை.

அது பொய். ஒருமுறை எறிந்தேன்.
இரண்டாம் வருடம்,
பஸ்ஸில் போகிறவர்கள் பட்டியலில்
என் பெயர் இல்லாத வாரம்.
பந்து உள்ளே போய் வலையில் தொங்கியது.
திரும்பி அதைப் பார்த்தாள், பிறகு என்னை.
"இன்னொன்று அங்கேயே போடு."
மைதான விளக்கு அணையும்வரை அங்கேயே போட்டேன்.
கதவு மூடிக்கொண்டது.

மேட்ச் நாளில் மடியில் அட்டை, கையுறைக்குள் பென்சில்.
தடுத்தது, விட்டது என்று இரண்டு கட்டம்.
ஷிவான் டோலன் தடுத்தவை ஐந்நூற்று எழுபத்திரண்டு.
அத்தனையும் என் கையெழுத்தில் இருக்கின்றன.

பிறகு அந்தப் பதினொரு நிமிடம்.
மூன்றாம் வருடம், ஆலங்கட்டியா மழையா என்று
வானத்துக்கே தெரியாத ஒரு ஏப்ரல் பகல்.
பதினாறுக்கு நாலு என்று ஜெயித்துக்கொண்டிருந்தோம்.
"கோரா, போ" என்றார் கோச்.
ஒலிபெருக்கி என் குடும்பப் பெயரில்
பாதியை விழுங்கிவிட்டுச் சொன்னது.
அம்மா வரவில்லை.
வரச் சொல்ல எனக்கென்ன தெரியும்?

முதல் பந்தை நான் பார்க்கவே இல்லை.
அதுதான் என்னைப் பார்த்தது.
வெங்கலக் கடையில் யானை புகுந்ததுபோல்
கூண்டு முழுக்கச் சத்தம்.
தடுத்தது: ஒன்று.

இரண்டாவது தரையில் குத்தித் தொடையில் ஏறியது.
பதினைந்து நாள் என்னோடு இருந்தது அந்த வட்டம்,
கத்தரிப்பூ நிறத்தில் தொடங்கி
எலுமிச்சைத் தோலாய் முடியும்வரை.
குளியலறைக் கண்ணாடியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.
யாருக்கும் காட்டியதில்லை.

மூன்றாவது, இருபத்திரண்டாம் எண் பெண்.
தோளை வலது பக்கம் காட்டிவிட்டு எறிந்தாள்,
இடது இடுப்புக்குக் கீழே.
எனக்கும் அங்கே ஒரு கதவு இருந்திருக்கிறது.
எறிந்து காட்ட ஆளில்லாமல்
மூன்று வருடமாய்த் திறந்து கிடந்திருக்கிறது.

பெஞ்சில் அட்டையை வைத்திருந்தது ஷிவான்.
மேட்ச் முடிந்ததும் நீட்டினாள்:
மூன்றில் இரண்டு, அறுபத்தாறு புள்ளி ஏழு சதவீதம்.
அவளுடையது ஐம்பத்தொன்று.
பஸ்ஸில் பஃபலோ வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

அதற்குப் பிறகு வரவில்லை இன்னொரு நிமிடம்.
நாலாம் வருடம் புதிதாய் வந்த பெண் நின்றாள்.
நல்ல கோலி. அவளுக்கும் நாற்பது பந்து.
முதல் நாளே எல்லாக் கதவுகளையும் தட்டினேன்.

மே மாதம் உபகரண அறையில்
டெல்பர்ட் படிவத்தை விரித்தார்.
மட்டை ஒன்று, மார்புக்கவசம் ஒன்று,
கழுத்துத் தட்டு, ஹெல்மெட்.
நிமிர்ந்து பார்க்காமலே எழுதினார்,
சேதம்: இல்லை.

"பாருங்கள்" என்றேன்.
"எதை?"
கூண்டின் இரண்டாம் கம்பி. வெளிப்பக்கம்.
அரை அங்குலத்துக்கு மஞ்சள்.

விரலை எச்சில் தொட்டுத் தேய்த்தார்.
போகவில்லை.
மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு
நகத்தால் சுரண்டினார்.
போகவில்லை.