கரட்டைச் சுற்றி

சர்க்கரை முந்நூற்றுப் பத்து வந்த மறுநாள்
ஊதியூருக்குத் தெற்கே
செங்கோடனும் நானும் கரட்டைச் சுற்ற ஆரம்பித்தோம்.

கிளுவை வேலியோரம் வண்டியை நிறுத்தினால்
முதலில் தவளைப் பாறை.
அவனுக்கு அது கவிழ்ந்த லாரி கேபின்.
லாரிக்கு பாடி கட்டுகிறவன்
கல்லில் வேறென்ன பார்ப்பான்.

அப்புறம் ஒரு பெரும்பாறை,
குறுக்கே வெங்கச்சாங்கல் வரி ஓடி
தையல் போட்ட வயிறு போல.
அங்கே மட்டும் பேச்சை நிறுத்துவான்.
ஏனென்று கேட்டதில்லை.

மேற்கே திரும்பினால் தூக்குக்கல்.
ஒரு சாண் இடத்தில்
நாலு யானை எடை நிற்கிறது.
நான் மூச்சைப் பிடித்துக் கடப்பேன்.
அவன் அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டு
செருப்பில் ஏறிய வெள்வேல முள்ளைப் பிடுங்குவான்.
"உழுகறதுன்னா எப்பவோ உழுந்திருக்கும்டா."

போன வெள்ளி
கோயமுத்தூர் ஆஸ்பத்திரி என்று அவன் வரவில்லை.
தனியாக, என்னவோ தோன்றி,
எதிர்த்திசையில் சுற்றினேன்.

கொறங்காட்டு ஆடுகள் தலைதூக்கிப் பார்த்தன.
தூக்குக்கல்லுக்கு ஒரு பின்பக்கம் இருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.
அடியில், இடுக்கில் இறுக்கி,
லாரிச் சக்கரத்துக்கு வைக்கிற முட்டுக்கட்டை.
ஓரத்தில் அவன் பட்டறைப் பச்சை பெயிண்ட்.

சுற்றிலும் பார்த்தேன். ஆடுகள்தான்.
நானும் சாய்ந்தேன்,
பாதி எடையை மட்டும் கொடுத்து.