படத்தில் மழை பெய்கிறது

படத்தில் மழை பெய்கிறது.
அன்றிரவு புரூக்ளினில் ஒரு சொட்டு விழவில்லை.
ஆகஸ்ட். ஜன்னல் சட்டத்தின் பெயின்ட்
விரலில் ஒட்டிக்கொள்ளும் புழுக்கம்.
ஃப்ளாட்புஷ் தியேட்டரில், பதினோராம் வரிசையில்,
மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருக்கிறேன்.
இதைச் சொல்லப் பக்கத்தில் யாரும் இல்லை.

அரசு வழக்குரைஞராக நடிப்பவர்
தொப்பியைக் கழற்றுவதே இல்லை.
எங்கள் டெவனிக்குத் தொப்பியே கிடையாது.
வழுக்கையைத் துடைக்கக் கைக்கு வந்ததை எடுத்தார்,
அது என் கார்பன் தாள்.
நெற்றியெல்லாம் நீலமாக
கொலைகாரன் எதிரே போய் உட்கார்ந்தார்.
அவன் சிரித்தான். எழுதிக்கொண்டேன்: (சிரிப்பு).
கறுப்பு வெள்ளையில் அந்த நீலம்
எப்படியும் தெரிந்திருக்காது.

சாட்சி ஸிப்கின் திரையில்
கம்பி நிழல் கீறிய சுவரோடு ஒட்டி அலறுகிறான்.
எனக்குத் தெரிந்த ஸிப்கின்
கடுகு மஞ்சள் டை கட்டியிருந்தான்,
அரிசிப் புட்டிங் கேட்டான், லவங்கப்பட்டை தூவாமல்.
தின்று முடித்து, மளிகைக்கடைக் கணக்கு ஒப்பிப்பதுபோல
பதினோரு பேரை ஒப்பித்தான்.
கொலை என்ற சொல்லை அவன் நாக்கு தொடவேயில்லை.
‘ஒப்பந்தம்’ என்றான். ‘வேலை’ என்றான்.
‘வேலை முடிஞ்சது, சாப்பிடப் போனோம்.’
சுருக்கெழுத்தில் வேலைக்கு ஒரு கொக்கி.
அந்த மாதம் என் நோட்டைத் திறந்தால்
இறைச்சிக்கடை.

வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தத்தை நீட்டினார்.
பேனாவைத் திறக்க எனக்கு வெகுநேரம் ஆனது.
‘உடம்பு சரியில்லையா மிஸ் பிரோட்ஸ்கி?’

விசாரணைக்கு முந்தின நாள்,
இரண்டு காவலர் வெளியே சீட்டாடிக்கொண்டிருக்க
ஸிப்கின் குளியலறையில் செத்துக் கிடந்தான்.
இதயம் என்றார் மருத்துவர்.
மருத்துவரைத் தவிர யாரும் நம்பவில்லை.
செத்தவனைக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது,
காகிதத்தைத் தூக்கிலிட முடியாது என்று
கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார் நீதிபதி.

‘படி’ என்றார் டெவனி. ‘முதலிலிருந்து.’
ஏழு நோட்டுகள்.
ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தேன்,
அப்படித்தான் எங்களுக்குப் பயிற்சி.
மூன்றாவது நோட்டில், பொழுது விடியும் நேரம்,
‘நாங்க மூட்டையைத் தூக்கிக்கிட்டிருந்தோம்,
பால்காரன் தொப்பியைத் தொட்டு
காலை வணக்கம்னு சொன்னான்.’
அடுத்த குறி: (வழக்குரைஞர் இருமுகிறார்).

‘திரும்பப் படி.’
படித்தேன்.
தன் இருமலுக்குள் ஒரு மனிதன்
தப்பிப் போயிருந்ததை
டெவனி அப்போதுதான் கேட்டார்.

பே ரிட்ஜில் இருந்தார் ஹால்வர் எங்கென்.
நான்கு வருடமாய் அதே தெருவில்தான் பால் போட்டார்.
தொப்பியைத் தொடுவதை மட்டும் விட்டிருந்தார்.
கூண்டில் ஏறி நின்று
சுட்டிக்காட்ட விரலை நீட்டியபோது
அந்தக் கொதிக்கும் அறையில்
அவர் மனைவி குளிர்காலக் கோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.
தீர்ப்பு வந்த மாலை அவர்கள் வீடு காலி.
ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்தது எனக்கு,
அனுப்பியவர் முகவரி இல்லாமல்,
எழுத்துப்பிழையோடு.

படத்தில் பால்காரன் இல்லை.
அந்த இடத்தில் ஒரு நடனக்காரி,
கண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது.
பின்வரிசைப் பையன்கள் விசிலடிக்கிறார்கள்.
நானும் அழுதேன், பொய் சொல்வானேன்.

வாக்குமூலக் காட்சியில், திரையின் ஓரம்,
இரண்டு விநாடி, ஒரு பெண்ணின் கைகள்.
அவ்வளவுதான். முகம் இல்லை.
நகச்சாயம் பூசிய விரல்கள்
தாள்மேல் வேகமாக ஓடுகின்றன.
கண்ணைச் சுருக்கிப் படித்துப் பார்த்தேன்:
ஒரு சொல்கூட இல்லை, வெறும் சுழிகள்.

பெரிய இசை. நீதி. கதவு சாத்தும் ஓசை.
இருட்டில் யாரோ இருமினார்கள்.
கைப்பையின் தோல்மேல்
என் விரல் அதைக் குறித்துக்கொண்டது.