மூன்றாவது வரி

பதினோரு பக்கம்.
மல்லியப்பு சந்தி கொமினிகேஷனில்
பக்கத்துக்கு இருபது ரூபா கேட்டான், கொடுத்தேன்.
டொக்டர்மார் கிறுக்கலை
பார்மசியில் ஒன்பது வருஷம் வாசித்தவள் நான்.
இந்தத் தெளிவான அச்செழுத்தில்
ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

ஒவ்வொரு பக்கமாய் போட்டோ எடுத்து
அந்தனனரிவோவுக்கு அனுப்பினேன்.
தையல் மெஷின் எண்ணெய்க் கையோடு
நீ போனைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்:
சூப்பர்வைசராகி நாலு மாதம்,
இனிக் கம்பனி பீஸ் கட்டும்,
பிள்ளைக்கு பிரெஞ்சுப் பள்ளிக்கூடம்.
அதுவும் மலைதானாம், செம்மண்ணாம்,
ஜூலையில் குளிருமாம்.
சொல்லிக்கொண்டே இருந்தாய்,
நான் இடையில் எதுவும் கேட்டுவிடாதபடிக்கு.

குடும்பப் பெயர் என்றொரு கட்டம்.
நமக்கு ஏது அது?
உன் பேரையே எழுதச் சொன்னாய்.
ஆறு வயதுப் பிள்ளை
சஷ்மிதா மருதவீரன் ஆகிவிட்டாள்.
இரண்டு நாளாய் கண்ணாடி முன் நின்று
மருதவீரன், மருதவீரன் என்று
தன்னைத்தானே கூப்பிட்டு
இடுப்பில் கைவைத்துப் பார்க்கிறாள்.

வீட்டு இலக்கம், வீதி.
மேல் பிரிவு, ஏழாம் லயம், தொங்கல் காம்பரா.
கொழும்பு மொழிபெயர்ப்பாளர்
போன் எடுத்துக் கேட்டார்:
"லயம் என்றால், இந்த சங்கீதத்தில் வருமே, அதுவா?"
இல்லை தம்பி,
ஒரே தகரம், பன்னிரண்டு கதவு.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
அப்புறம் பில் அனுப்பினார்,
மூவாயிரத்து ஐந்நூறு.

மாட்டிறைச்சி சாப்பிடுவாளா? இல்லை.
கோழி என்றால் கழுத்துத் துண்டுக்கு
சண்டை போடுவாள் என்று எழுத இடமில்லை.
நீந்தத் தெரியுமா?
காசல்ரீ தண்ணீரை
பஸ் யன்னலால் பார்த்திருக்கிறாள்.
இல்லை.

ராத்திரியில் போனுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்
அவளுக்குப் பாடம் சொல்கிறது.
லா ஷாம்ப்ர், என்கிறது.
லா ஷாம்ப்ர், என்கிறாள் இவள்.
அடுப்படியில் எனக்குக் காம்பரா என்று கேட்டது.
அதேதாம்மா, அறை, என்றாள்.
ரொட்டியைத் திருப்பிப் போட மறந்து நின்றேன்,
ஒரு பக்கம் கருகிவிட்டது.

ஒன்பதாம் பக்கம்.
பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளையைக் கூட்டிப்போக
அனுமதி உள்ளவர்கள். மூன்று வரி.
முதல் வரி நீ.
இரண்டாவது நான்.

இங்கே
யார் மேலே வருகிறார்களோ
அவர்களோடு வந்துவிடுவாள்.
கொழுந்து லொறி ராசேந்திரம்,
தபால்கார பண்டார,
வெள்ளையம்மாவின் மகன், மூக்கொழுகியபடி.
போன மாசிமாத மழையில்
பேர் தெரியாத ஒருவர்
தன் குடைக்குள் வைத்துக் கொண்டுவந்து
வாசலில் விட்டார்.
தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன், பஸ் போய்விடும் என்றார்.
அவரை எந்த வரியில் எழுதுவது?

வெறுமையாய் விட்டு அனுப்பினேன்.
மூன்றாம் நாள் பதில் வந்தது:
ஒன்பதாம் பக்கம் நிறைவில்லை.

நீ ஒரு பேர் அனுப்பினாய்.
உனக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவள்.
முட்டை விற்கிறாளாம்.
காய்ச்சலில் கிடந்தபோது
மூன்று நாள் கஞ்சி கொண்டுவந்து தந்தாளாம்.
(காய்ச்சல் என்று எனக்கு ஏன் சொல்லவில்லை?)

வொஹாங்கிரினா.
எழுத்து எழுத்தாய்ப் பார்த்து எழுதினேன்.
சிரித்த முகமா, சிடுமூஞ்சியா, தெரியாது.
கைகள் சூடாய் இருக்குமா என்று
கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

பேருக்குப் பக்கத்தில் சின்னக் கட்டம்: உறவு.
நீ பிரெஞ்சில் ஏதோ சொன்னாய்,
மழைக்கு லைன் அறுந்து அறுந்து வந்தது,
பிறகு வரவே இல்லை.
கொமினிகேஷன் பூட்ட இன்னும் பத்து நிமிஷம்.

இங்கிலீஷ் எழுத்தில், பெரிதாய்,
பக்கத்துக் காம்பரா
என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஸ்கேன் பண்ணுகிற பையன் அதை வாசித்துவிட்டு
நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
ஒன்பதாம் பக்கம் மட்டுந்தானே அக்கா, என்றான்.
இருபது ரூபா.